அத்தானின் மோட்டார் சைக்கிளும் மாம்பலத்து மழையும்

பெண்ணைப் பிரசவத்துக்குப் பிறந்த வீட்டுக்கு அழைத்து வருவதுதான் நம் வழக்கம். எங்கள் பிறந்த வீடு பினாங்கில் இருக்கிறது. நிறைமாதக்காரியைக் கப்பலேற்ற முடியாது. அம்மாவுக்கோ கப்பல் என்று சொன்னாலே குமட்டும். ஆகவே பிறந்த வீடே புறப்பட்டு அக்காவிடம் போக வேண்டியதாயிற்று. பிறந்த வீடு என்றால் நான்தான். இருபத்தெட்டு வயது, கல்யாணமாகாதவன், துறைமுகத்தில் குமாஸ்தா.

"நீ ஒண்ணும் செய்ய வேண்டாம். பக்கத்துல இருந்தா போதும்" என்று அம்மா சொன்னாள். சொல்லும்போதே அழுதாள். போன வருஷம் அக்காவின் முதல் குழந்தை தங்கவில்லை. எங்களுக்கு அது கடிதத்தில்தான் தெரிந்தது. கடிதம் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்து பதினைந்து நாள் ஆகியிருந்தது.

கப்பலைப் பற்றி எழுதப் போவதில்லை. எல்லாக் கப்பலும் ஒரே மாதிரிதான் ஆடுகிறது. சென்னையில் இறங்கி மின்சார ரயிலில் ஏறியதும்தான் எனக்கு உயிர் வந்தது. புகையில்லை, கரியில்லை, சட்டை வெள்ளையாகவே இருக்கிறது. பினாங்கில் இதெல்லாம் கிடையாது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன், பின்னால் நான் பினாங்கு பெருமை பேசும்போது யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. எதிரில் கத்தரிக்காய்க் கூடையோடு உட்கார்ந்திருந்தவர் என் பெட்டியைப் பார்த்துவிட்டு ஊர் விசாரித்தார்.

"பினாங்கா? அங்க ஜனங்க பாம்பு துன்றாங்களாமே, நெசமா?"

"தினமும் இல்லை" என்றேன். அவர் கூடையைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டார்.

மாம்பலம் ஸ்டேஷன் வாசலில் அத்தான் நின்றார். அத்தானுக்குக் கட்டட கான்ட்ராக்டர் ஒருவரிடம் வேலை. ஒரே நாளில் மயிலாப்பூர், அடையாறு, தியாகராய நகர் என்று நாலு இடத்தில் கொத்தனார்களை மேய்க்க வேண்டும். அதற்காக வாங்கிய மோட்டார் சைக்கிள் பக்கத்தில் நின்றது. ஊருக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்காரர் விற்றது. பெரிய யுத்தத்துக்கு முன்னால் செய்தது. ஒரு பக்கத்தில் ஒருவர் காலை நீட்டி உட்காரும்படியாக சைடு கார். என்ஜினின் முன்னால் மேக்னட்டோ. அதுதான் பொறி உண்டாக்கும் பெட்டி. அதன் தலையில் கறுப்பாக, வழவழப்பாக, உருண்டையாக ஒரு மூடி நிமிர்ந்து நின்றது. அந்த மூடிக்கு யாரோ அழகாக மூன்று கோடு விபூதி பூசி, சந்தனம் வைத்து, குங்குமப் பொட்டும் இட்டிருந்தார்கள். சிவலிங்கம் மாதிரியே இருந்தது. நான் கன்னத்தில் போட்டுக்கொண்டு சைடு காரில் ஏறினேன்.

பாதி வழியில் தூறல் விழுந்தது. வண்டி இரண்டு தடவை இருமியது. ஒரு தடவை பெரிதாக வெடித்தது. அப்புறம் நின்றுவிட்டது.

அத்தான் இறங்கித் தள்ள ஆரம்பித்தார். நானும் இறங்கித் தள்ளினேன். தியாகராய நகர் முழுக்க ஒரு காலத்தில் ஏரி. அதைத் தூர்த்து ஊராக்கினார்கள். ஏரிக்கு அந்தச் செய்தி இன்னும் எட்டவில்லை. பதினைந்து நிமிஷ மழையில் தண்ணீர் கணுக்காலுக்கு வந்துவிட்டது. பினாங்கில் தினம் மழை பெய்யும், தினம் வடிந்துவிடும் என்று நான் சொன்னேன். அத்தான் என் பக்கம் திரும்பினார். வெறுமே வண்டி நின்றுபோன மனிதனின் முகமாக அது தெரியவில்லை.

வீட்டுக்குப் போன பிறகுதான் விஷயம் தெரிந்தது. அக்கா சமையலறையில் இருந்தாள். அத்தான் என்னைக் கொல்லைப் பக்கம் அழைத்துப் போய், ஈரத் துணியைப் பிழிந்துகொண்டே சொன்னார்.

"போன வருஷமும் இதே மாதிரி மழை. உங்க அக்காவுக்கு வலி வந்ததும் நர்ஸைக் கூட்டிவரப் போனேன். தேனாம்பேட்டையிலே வண்டி நின்னுபோச்சு. ஜட்கா ஒண்ணும் வரலை. நடந்து போய் அழைச்சிட்டு வர மூணு மணி நேரம் ஆச்சு. குழந்தை போயிடுச்சு. இந்த வண்டியை நம்பினேன், மாப்பிள்ளை. என்னாலேதான் போச்சு."

ஒரு வருஷமாக அவர் அந்த வண்டிக்குச் செய்யாத வைத்தியம் இல்லை. பெட்ரோலில் தண்ணீர் கலக்கிறதோ என்று டாங்கியைக் கழுவினார். ஒயர் மாற்றினார். பிளக் மாற்றினார். என்ஜினுக்குக் கித்தானில் சட்டை தைத்தார். வெயிலில் வண்டி குதிரையாகப் பறந்தது. ஈரம் பட்டால் படுத்துவிட்டது. விற்றுவிட்டு வேறு வாங்கலாமே என்றேன். "இதைச் சரி பண்ணாம விட்டா எனக்கு மனசு ஆறாது" என்றார். ஆஸ்பத்திரிக்கே போய்விடலாமே என்று அக்காவிடம் கேட்டேன். என் வீட்டில்தான் பெறுவேன், அந்த நர்ஸம்மா கையால்தான் பெறுவேன் என்று அவள் ஒரே பிடியாக நின்றாள். நாள் நெருங்கிவிட்டது. ஐப்பசி மழை வானத்தில் கூடாரம் போட்டிருந்தது.

மறுநாள் வெயில். வண்டி ஒரே உதையில் கிளம்பி மயிலாப்பூருக்குப் போயிற்று. வண்டியை வழக்கமாகப் பார்க்கும் மெக்கானிக்கிடம் போகுமுன் அத்தான் குளத்துப் பக்கம் ஒரு காப்பி ஹோட்டலுக்கு அழைத்துப் போனார். எங்கள் ஊர்க் கோப்பியைச் சர்க்கரையும் வெண்ணெயும் போட்டுக் கறுக்க வறுத்திருப்பார்கள், பாலைக் கண்ணில் காட்டமாட்டார்கள். இங்கே டபராவில் நுரை தளும்ப வந்தது. மூன்று குடித்தேன். பக்கத்து மேஜையில் ஒருவர், "ஆத்துல காப்பி நன்னாயில்லேன்னு சொல்லிண்டு இங்க வந்தா, இங்கயும் நேத்திக்கு மாதிரி இல்லை" என்று யாரிடமோ குறைப்பட்டுக்கொண்டிருந்தார். அவரும் இரண்டாவது டபராவில் இருந்தார்.

மெக்கானிக் கரீம் பாய் மயிலாப்பூரிலேயே பிறந்து வளர்ந்தவர். குடும்பத்தில் எல்லோரும் ஜட்காவுக்குக் குதிரைச் சேணம் தைத்தவர்கள். இவர் மட்டும் என்ஜின் பக்கம் வந்துவிட்டார். ஓட்டுக் கூரை போட்ட நீளமான கொட்டகை. அவருடைய தம்பி ஒரு மூலையில் சேணம் தைத்துக்கொண்டே எங்களைப் பார்த்து உருதுவில் ஏதோ சொன்னார். என்ன என்று கேட்டேன். "இந்த வண்டி பூனை ஜாதி, தண்ணி பட்டா ஆகாதுன்றான்" என்று கரீம் பாய் மொழிபெயர்த்தார்.

"திரும்பவும் நின்னுச்சா சார்? என் கையில வரும்போது நல்லாத்தான் கீது. நான் இன்னா பண்றது சொல்லுங்க."

அப்போதுதான் எனக்குக் கோபம் வந்தது. மழையில் வருகிற வியாதியை வெயிலில் பார்த்தால் என்ன தெரியும்? பினாங்கில் எங்கள் கம்பெனி மோட்டார் படகும் ஒரு சமயம் இப்படித்தான் அலை அடித்தால் நின்றுகொண்டிருந்தது. எங்கள் சீன மெக்கானிக் அதை இருட்டான கொட்டகைக்குள் இழுத்து, வேண்டுமென்றே தண்ணீர் தெளித்து, பொறி எங்கே ஒழுகுகிறது என்று கண்ணால் பார்த்துக் கண்டுபிடித்தான். நான் அதைச் சொன்னேன். கொஞ்சம் உரக்கவே சொன்னேன்.

கரீம் பாய்க்கு மூக்கு லேசாகச் சிவந்தது. ஆனால் நல்ல வேலைக்காரர். கதவைச் சாத்தினார், ஜன்னலில் சாக்கைத் தொங்கவிட்டார். கொட்டகை இருட்டாயிற்று. பிளக்கைக் கழற்றி என்ஜின் தலைமேல் படுக்க வைத்து, வண்டியை உதைத்தார். பிளக்கின் நுனியில் நீலப் பொறி சுறுசுறுப்பாக அடித்தது. நான் ஒரு சொம்புத் தண்ணீரை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு இடமாகத் தெளித்தேன். பெட்ரோல் குழாயில் தெளித்தேன், பொறி அடித்தது. ஒயரில் தெளித்தேன், அடித்தது. பிளக்கின் மேலேயே தெளித்தேன், அப்போதும் அடித்தது. மேக்னட்டோவின் மூடி பக்கம் கையைக் கொண்டுபோனேன்.

"அங்க வேணாம் தம்பி" என்றார் கரீம் பாய். "சாமி கீது."

"சாமிக்கு அபிஷேகம் ஆகாதா என்ன?" என்று சொல்லித் தெளித்துவிட்டேன்.

அவர் உதைத்தார். பிளக்கில் ஒன்றுமில்லை. இருட்டு. ஆனால் மூடியின் மேல் விபூதிக் கோடுகள் மூன்றும் பளிச்சென்று நீலமாக ஓடின. பிளக்குக்குப் போக வேண்டிய பொறி மூடியின் உச்சியில் இருந்து கிளம்பி, ஈர விபூதி வழியாகவே கீழே இறங்கி, இரும்பில் கலந்துவிட்டது. கரீம் பாய் இன்னொரு தடவை உதைத்தார். திரும்பவும் அதே மூன்று கோடு. எனக்கு மெய்சிலிர்த்தது. பக்தியா பயமா என்று இன்றைக்கும் தெரியவில்லை.

கதவைத் திறந்தோம்.

விபூதியும் சந்தனமும் காய்ந்திருந்தால் சாது. நனைந்தால் சாம்பலும் உப்பும் சேர்ந்து மின்சாரத்துக்கு வழிவிட்டுவிடும். ஆயுத பூஜைக்கு அக்கா முதலில் வைத்தது. ஆயுத பூஜை முடிந்ததும் மழைக்காலம் வந்துவிடுகிறது. போன வருஷம் குழந்தை போன பிறகு, வண்டி நின்றுவிடக் கூடாதென்று வெள்ளிக்கிழமை தவறாமல் பழைய பூச்சின் மேல் புதுப் பூச்சாக அவள் பூசி வந்ததாக அத்தான் சொன்னார். வண்டி நிற்க நிற்கப் பூச்சு கனத்தது. பூச்சு கனக்கக் கனக்க வண்டி இன்னும் சீக்கிரம் நின்றது.

"இத்தனை தடவை பிரிச்சீங்களே பாய், இதைத் துடைக்கலையா?" என்றேன்.

"எப்படித் தொடைப்பேன் தம்பி? அம்மா வச்ச பொட்டு. நான் தொட்டு அழிச்சேன்னா நல்லாவா இருக்கும்? அந்த மூடிக்கு மட்டும் ஒரு துணியைச் சுத்திவச்சி, அழியாம வேலை பார்த்துக்கினு இருந்தேன்."

அத்தானும் துடைத்ததில்லை. கட்டியவள் வைத்த குங்குமத்தை எந்தப் புருஷன் அழிப்பான்? அவள் தெய்வத்துக்கு வைத்தாள், இவர் அவளுக்காக விட்டார், கரீம் பாய் இரண்டு பேருக்காகவும் விட்டார். எல்லோரும் நல்லவர்கள். வண்டி மட்டும் நின்றுகொண்டே இருந்தது.

நான் கைக்குட்டையை எடுத்தேன். அத்தான் என் கையைப் பிடித்துக்கொண்டார். "இந்த நேரத்திலே வேண்டாம். அவ பிள்ளைத்தாச்சி. பொட்டை அழிச்சது தெரிஞ்சா பயந்துடுவா" என்றார். அப்புறம் மெதுவாக, "போன வருஷம் வண்டி இதனாலேதான் நின்னுச்சுன்னு தெரிஞ்சா அவ உயிரோடவே இருக்கமாட்டா" என்றார்.

எனக்கு அது அதுவரை உறைக்கவே இல்லை. துப்புத் துலக்கிய சந்தோஷமெல்லாம் ஒரு நொடியில் இறங்கிவிட்டது.

கரீம் பாய்தான் வழி கண்டுபிடித்தார். பழைய மேக்னட்டோக்கள் கிடந்த பெட்டியைக் கிளறி, அதே அளவில் ஒரு மூடியை எடுத்தார். "அழிக்க வேணாம் சார். மாத்திப்போம். இது மேல யாரும் ஒண்ணும் வைக்கலை." பழையதைக் குங்குமம் கலையாமல் கழற்றி, சுத்தமான துணியில் சுற்றி, இரண்டு கையாலும் அத்தானிடம் கொடுத்தார். புது மூடியை மாட்டி, ஒரு குடம் தண்ணீரை என்ஜின் மேலேயே ஊற்றினோம். ஒரே உதை. டக் டக் டக் என்று சீராக ஓடியது. ஏலக்காய் போட்ட டீ வந்தது. மூலையில் இருந்த தம்பி உருதுவில் மறுபடியும் ஏதோ சொன்னார். பூனை குளித்துவிட்டதாம்.

அக்காவிடம் பொய் சொல்லும் வேலை எனக்கு வந்தது. பழைய மூடியில் விரிசல், புதுசில் எதுவும் பூசக்கூடாது, பளபளப்பு போய்விடும், பொட்டை முன்விளக்கில் வைத்துவிடு என்றேன். அவள் என்னையே பார்த்தாள். "சரி" என்றாள். வெள்ளிக்கிழமை முன்விளக்குக்குப் பொட்டு வைத்தாள். நான் கொண்டுபோயிருந்த ஜாதிக்காய் மிட்டாயைத் தின்றுகொண்டே வைத்தாள்.

சனிக்கிழமை விடியும்போதே மழை கொட்டியது. ஏழு மணிக்கு அக்காவுக்கு வலி எடுத்தது. எதிர்வீட்டு ராஜம்மாள் ஓடிவந்து அக்காவோடு இருந்துகொண்டார். அத்தான் வண்டிக்கு முன்னால் போய் நின்றவர் நின்றுகொண்டே இருந்தார். "உதையுங்க அத்தான்" என்றேன். உதைத்தார். பிடித்துக்கொண்டது. நின்றால் தள்ளுவதற்கு ஆள் வேண்டுமென்று நான் சைடு காரில் ஏறினேன்.

தெருவில் முழங்கால் தண்ணீர். தேனாம்பேட்டை வரும்போது அத்தான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். போன வருஷம் நின்ற இடம். வண்டி நிற்கவில்லை. எதிரே வந்த மாட்டு வண்டிக்காரன், "இன்னா நைனா, கப்பல் எங்க போய்க்கினு கீது?" என்று கேட்டான்.

மந்தைவெளியில் நர்ஸ் ஞானம்மாள் வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டுப் பெண் தலையை நீட்டி, "நர்ஸம்மா காலையிலயே அடையாறு போய்ட்டாங்க. பாலத்துக்கு அந்தாண்ட குப்பத்துல கேஸு" என்றாள். அத்தான் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். திருப்பினார்.

அடையாற்றுப் பாலத்தில் காற்று ஆளையே தள்ளியது. கீழே ஆறு செம்மண் நிறத்தில் கடலைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தது. மழை பக்கவாட்டில் வந்து என்ஜினிலேயே அடித்தது. எனக்குக் காதில் மழை கேட்கவில்லை. அந்த டக் டக் மட்டும் கேட்டது. ஒரு டக் தவறினால் தெரிந்திருக்கும். தவறவில்லை.

குப்பத்தில் நர்ஸம்மா வேலையை முடித்துவிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தார். ஆண் குழந்தையாம். "பத்து நிமிஷம்" என்றார். அத்தான் என்ஜினை நிறுத்தவில்லை. மழையில் ஓடவிட்டுக்கொண்டே நின்றார். குழந்தையின் தகப்பன் எங்களுக்கு ஒரு பனை ஓலைக் குடையைப் பிடித்தான். "ஏன் சார் ஓடவுட்டுக்கினே கீற? எண்ணெ வீணாப் போவுதே" என்றான். "நின்னா எழுந்திருக்காதுப்பா" என்றார் அத்தான்.

நர்ஸம்மா பையோடு சைடு காரில் உட்கார்ந்தார். நான் பின்னால் தொற்றிக்கொண்டேன். அத்தான் அவசரத்தில் கிளச்சைச் சட்டென்று விட்டார். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி நின்றுபோயிற்று.

அத்தானின் முதுகு கல்லாகிவிட்டது. அப்படியே உட்கார்ந்திருந்தார். மழை அவர் தலையில் கொட்டியது. பிறகு இறங்கி, கண்ணை மூடிக்கொண்டு ஒரு உதை விட்டார். டக் டக் டக். குழந்தையின் தகப்பன், "எழுந்திரிச்சிட்டுது சார், போங்க" என்றான். அத்தான் வாய்விட்டுச் சிரித்தார். அவர் சிரித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

பத்து மணிக்குள் வீட்டுக்கு வந்துவிட்டோம். அப்புறம் நானும் அத்தானும் கூடத்தில் எழுந்தோம், உட்கார்ந்தோம், எழுந்தோம். பன்னிரண்டரைக்கு ஒரு குழந்தை அழுதது. பெண். நல்ல குரல். நர்ஸம்மா வெளியே வந்து கை துடைத்தார். அத்தான் கைகூப்பினார்.

"இந்தத் தடவை நேரத்துக்கு வந்துட்டீங்கம்மா. போன தடவை நான் தாமதம் பண்ணிட்டேன். அதனாலேதான்..."

நர்ஸம்மா அவரை வியப்பாகப் பார்த்தார். "தாமதத்துக்கும் அதுக்கும் என்னங்க? போன தடவை வலி எடுக்கறதுக்கு ரெண்டு நாள் முன்னாடியே குழந்தைக்கு அசைவு நின்னுபோச்சு. நான் பறந்து வந்திருந்தாலும் ஒண்ணும் செய்திருக்க முடியாது. உங்க வீட்டம்மாகிட்டே அன்னைக்கே சொன்னேனே. உங்களுக்குத் தெரியாதா?"

அத்தான் உள்ளே போனார். கதவு திறந்தேதான் இருந்தது. கேட்கக் கூடாதென்று நினைத்தேன், ஆனாலும் கேட்டேன்.

"ஏன் சொல்லலை, விசாலம்?"

"என்னன்னு சொல்ல? என் வயித்துலயே போயிடுச்சுன்னு சொன்னா ஊர் என்னைத்தானே சொல்லும். நீங்களா வந்து வண்டி நின்னுபோச்சு, வண்டி நின்னுபோச்சுன்னு எல்லார்கிட்டேயும் அழுதீங்க. நான் பேசாம இருந்துட்டேன். அப்புறம் சொல்ல வாய் வரலை. வாயில்லாத வண்டி என் பழியைச் சுமக்குதேன்னுதான் வெள்ளிக்கிழமை அதுக்குப் பொட்டு வச்சேன்." கொஞ்சம் நிறுத்தினாள். "நீங்களும்தான் சுமந்தீங்க. அது தெரிஞ்சும் இருந்தேன். என்னை மன்னிச்சிடுங்க."

அத்தான் ஏதோ சொன்னார், எனக்குக் கேட்கவில்லை. இரண்டு பேரும் அழுதார்கள் என்று நினைக்கிறேன். நான் மட்டும் கூடத்தில் சும்மா இருந்தேனா என்றால் இல்லை. மூடியைப் பற்றி இனி அக்காவிடம் உண்மையைச் சொல்லலாம், சொன்னாலும் யாரும் உடைந்துபோகமாட்டார்கள் என்று நினைத்தபோது எனக்கும் கண் நிறைந்துவிட்டது.

நர்ஸம்மாவைத் திரும்பக் கொண்டுபோய் விட வேண்டும். இரண்டு மணிக்கு அத்தானைக் கூப்பிடப் போனேன். கட்டிலுக்குப் பக்கத்தில் வெறும் தரையில், ஈரச் சட்டையோடு, வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். வெளியே மழை அடித்துக்கொண்டிருந்தது. தோளைத் தொடப் போனேன். அக்கா தலையை அசைத்துத் தடுத்தாள்.

"எழுப்பாதே. ஒரு வருஷமா மழை பெஞ்சா கண்ணை மூடமாட்டார்" என்றாள்.

நர்ஸம்மா இன்னொரு டம்ளர் காப்பி கேட்டு வாங்கிக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்துவிட்டார்.